வெள்ளிக்கிழமைக்கு நாற்பது பேர்

என் செல்ல மகனே,

நீயும் உன் மனைவியும் ஈப்போவில் அல்லாஹ் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை இருட்டியதும் வந்துவிடுகிறது. நாளைக்கு வீட்டுக்கு வரப்போகிற பிள்ளைக்கு இன்றைக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிற மனிதனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன், வாயத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?" என்கிறாள். வாயைத் திறந்தால் நம் இருவருக்கும் என்ன ஆகிறது என்பதைத்தான் புதன்கிழமை பார்த்தோமே. நான் கத்தினேன், நீ கத்தினாய், அடுத்த வீட்டுக் காத்தான் சோற்றுத் தட்டோடு ஓடி வந்து நின்றான். மறுநாள் நீங்கள் இருவரும் துணிமணி வாங்க வண்டி ஏறியபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது.

நீ புதன்கிழமை சொன்னது இதுதான்: "நான் சிங்கப்பூருக்குப் போகல, அத்தா. நான் போயிட்டா இங்க ஜும்ஆ நின்னுரும். ஒரு உத்தியோகத்துக்காக அந்தப் பாவத்த நான் சுமக்கணுமா?" சர்க்கார் ஆபீசில் கிராணி வேலை உன்னைத் தேடி வந்திருக்கிறது. பால்மரம் வெட்டுகிறவன் மகனுக்கு மேசையும் நாற்காலியும் கிடைத்திருக்கிறது. அதை நீ உதறிவிடுவாய் என்றதும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஆனால் உன் அம்மா அன்றைக்கு ஒன்று சொன்னாள். "புள்ளயத் திட்டுறீங்களே, அவன் சொன்னதுல தப்பு என்ன இருக்கு?" என்றாள். யோசித்துப் பார்த்தால் தப்பு இல்லைதான். நீ அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கோபத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் மனைவியும் படிக்கட்டும். அவள் புந்தோங்கில் பிறந்து வளர்ந்த பெண். டவுன் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை என்றால் செருப்பு வைக்க இடம் இருக்காது. செமோருக்கு இந்தப் பக்கம், தோட்டத்து ஓரத்துக் கம்பத்தில் இருக்கிற நம் மரப்பள்ளியின் பாடு அவளுக்குத் தெரியாது. மருமகளே, கேட்டுக்கொள். அந்தப் பள்ளி மலாய்க்காரர்கள் கட்டியது. அவர்கள் ஷாஃபி மத்ஹபு, நாம் ஹனஃபி. நமக்கு இமாமோடு நாலு பேர் இருந்தாலே வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை கூடிவிடும். அவர்களுக்கு அப்படி இல்லை, வயது வந்த ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். முப்பத்தொன்பது பேர் இருந்தால் அன்றைக்கு ஜும்ஆ இல்லை, மற்ற நாளைப் போல லுஹர் தொழுதுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். பள்ளி அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. மிம்பர் மேடையில் ஏறிக் குத்பாப் பிரசங்கம் செய்வதற்கு முன்னால் தோக் இமாம் கையில் தஸ்பீஹை எடுத்துக்கொண்டு வரிசையைப் பார்ப்பார். ஒரு முகத்துக்கு ஒரு மணியைத் தள்ளுவார். போன வருடம் கம்பத்தில் ஒரு கிழவர் மௌத்தானதிலிருந்து உன் வீட்டுக்காரனோடு சேர்த்தால் சரியாக நாற்பது. ஒன்று அதிகமும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. அந்தச் சட்டத்துக்கு ஒரு வால் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மகனே, நீ பிறப்பதற்கு முன்பு வெள்ளிக்கிழமை எப்படி நடந்தது தெரியுமா? விடியலில் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் அவரவர் மர நிரைக்குப் போய், பட்டையைக் கீறி ரப்பர் மரம் வெட்டுவோம். மங்குக் கிண்ணத்தில் பால் வடிந்து முடிந்ததும் அதைச் சேர்த்து, காண்டாக் கட்டையின் இரண்டு பக்கமும் வாளியை மாட்டி, தோளில் வைத்து ஸ்டோருக்கு ஓட வேண்டும். தாமதித்தால் பால் உறைந்துவிடும். நிறுவை உச்சி நேரத்துக்கு. ஜும்ஆவும் உச்சி நேரத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்வது? காத்தான்தான் வழி சொன்னான். "பாய், நீங்க போய் தொழுதுட்டு வாங்க. ஒங்க வாளிய நான் கொண்டு போயி நிறுத்துர்றேன். எனக்குத் தோளு ரெண்டு இருக்குலா." தன் பாலை நிறுத்துவிட்டு மறுபடி ஓடி வந்து என் பாலைத் தூக்கிப் போவான். அதற்குப் பதிலாகத் தைப்பூசத்துக்கு அவன் காவடி பார்க்கப் போனால் அவனுடைய நிரையை நான் வெட்டுவேன். தோட்டத்தில் இருந்த நம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு காத்தான் இருந்தான். யாரும் கையெழுத்துப் போட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை, ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை.

அப்புறம் புதுத் துரை வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற பைத்தியம் பிடித்தவர். ஒருவன் பாலை இன்னொருவன் நிறுக்கக் கூடாது என்றார். தொழப் போனவனுக்கு அரைப் பேர். அவன் வாளியைத் தூக்கியவனுக்கும் அரைப் பேர். பாதி நாள் கூலி போனால் பரவாயில்லை என்று நான் இருந்திருப்பேன். காத்தானுக்கும் வெட்டு விழும்போது எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவது? நாங்கள் நின்றுவிட்டோம். தோட்டத்து ஆட்கள் நின்றதும் கம்பத்தில் நாற்பது கூடவில்லை. தீபாவளிக்கு லீவு கொடுத்தார்கள் என்று ஒரு தரம் போனபோது பெங்ஹுலு, அதாவது கம்பத்துத் தலைவர், என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். மிம்பர் படியில் தூசி படிந்திருந்தது. அதில் ஏறி நின்று குத்பா ஓதி எத்தனை மாதமாகிவிட்டது என்று தோக் இமாமே எங்களைக் கேட்டார்.

ஆறு பொங்கிய வருடம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். நீ ஈப்போவில் மாமா வீட்டில் தங்கி இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாய், லீவுக்கு வந்தவன் மாட்டிக்கொண்டாய். கம்பம் பள்ளத்தில் இருக்கிறது, ஸ்டோர் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நாங்கள் காண்டாக் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினோம். பால் தூக்குகிற வாளியில் கைக்குழந்தைகளை உட்கார வைத்தோம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. காத்தான் தூக்கிய இரண்டும் தோக் இமாமின் பேரப்பிள்ளைகள். வழியெல்லாம் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தன. மேட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற நம் பெரிய தேக்சாவை ஏற்றி உன் அம்மா கஞ்சி காய்ச்சினாள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அதே கஞ்சி. அரிசி ஸ்டோர் அரிசி. கேட்காமல் பூட்டை உடைத்தவன் நான். துரை உடைந்த பூட்டைப் பார்த்தார், தன் மழைக்கோட்டைக் கழற்றி ஒரு சீனக் கிழவிக்குப் போர்த்திவிட்டுப் போனார். மனிதர்களை ஒரே நாளில் முடிவு கட்டிவிடக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு ஜில்லா துரை வந்தார். ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டார்கள். எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். அவர் நீளமாகப் பேசினார். பக்கத்தில் நின்று நீ தமிழில் சொன்னாய். அவர் அரைமணி பேசியதை நீ ஐந்தாறு வரியில் முடித்தாய் என்று காத்தான் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான். இந்தத் தோட்டத்து முஸ்லிம்களும் அவர்களோடு நின்றவர்களும் ஊருக்குச் செய்ததைச் சர்க்கார் மறக்காது, உங்களுக்கு என்ன வேண்டும் கேளுங்கள், இதுதான் நீ சொன்னது. காத்தான்தான் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு முன்னால் போனான். "தொர, இவங்க வெள்ளிக்கெழம தொழுவப் போறாங்க. போனா அரப்பேரு வெட்டு. வாளியத் தூக்குன எனக்கும் வெட்டு. சாமி கும்புடுறதுக்கு எதுக்குங்க கூலி வெட்டணும்? அத நிறுத்திருங்க, போதும்." நீ அதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னாய். ஜில்லா துரை நம் துரையைப் பார்த்தார். நம் துரை பூட்ஸைப் பார்த்தார்.

அப்போது ஜில்லா துரை பெங்ஹுலுவிடம் மலாயில் ஒன்று கேட்டார். இவர்களில் உங்கள் ஆள் எத்தனை, வெளியூர்க்காரர் எத்தனை என்று. பெங்ஹுலு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "என் பள்ளியில் வந்து நிற்கிறவன் எல்லாம் என் ஆள், துவான்." பின்னால் நின்ற தோக் இமாம் இருமினார். அவர் ஏன் இருமினார் என்பது உனக்குத் தெரியாது. அதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதன் பிறகுதான் ஸ்டோர் சுவரில் அறிக்கை ஒட்டினார்கள், இங்கிலீஷ், மலாய், தமிழ் மூன்றிலும். முஸ்லிம் தொழிலாளிகளை வெள்ளிக்கிழமை உச்சிக்கு முன் விட வேண்டும், பேர் வெட்டக் கூடாது. பள்ளி இருக்கிற நிலமும் மையவாடியும் பள்ளிக்கே சொந்தம். மையவாடியை அளக்க வந்தவர்கள் அடித்த முளை, சின்ன வயதிலேயே மௌத்தான உன் அக்காவின் சின்னக் கபுரை வெளியே விட்டுவிட்டது. பெங்ஹுலு தன் கையாலேயே முளையைப் பிடுங்கி அந்தப் பக்கம் தள்ளி நட்டார். உன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அன்றைக்கு அழுத அழுகை, பிள்ளையை அடக்கிய அன்றைக்குக்கூட அழாதது.

நீ இப்போது பேப்பர் படிக்கிறவன். 'நமக்கு உள்ளதை நமக்கே கொடுத்துவிட்டு நன்றி கேட்கிறார்கள்' என்று ஒருமுறை சொன்னாய். சரிதான். அறிக்கை ஒட்டுவதற்கு முன்பும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத்தான் இருந்தது. சர்க்கார் அதைப் படைக்கவில்லை. ஆனால் ஒன்று கேள். அதற்கு முன்பு பள்ளிக்குப் போகும்போது நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். அதற்குப் பிறகு நேராகப் பார்த்து நடந்தேன். அந்த வித்தியாசத்தைக் கழுத்து வலித்தவனிடம் கேட்டால் சொல்வான். நாளைக்கு நீ சர்க்கார் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறாய். கோயிலுக்கோ பள்ளிக்கோ மாதா கோயிலுக்கோ யாராவது ஒரு காரியமாக வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், காத்தானை நினைத்துக்கொள். உட்காரச் சொல்லு. நீ கொடுப்பது உன் பாட்டன் சொத்து இல்லை, அதே சமயம் அவர்களுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. இரண்டையும் மறக்காதே. இது போதும், இதற்கு மேல் புத்தி சொன்னால் உன் அம்மா பேனாவைப் பிடுங்கிவிடுவாள்.

இப்போது அந்த வாலுக்கு வருகிறேன். நாற்பது பேர் என்றால் சும்மா நாற்பது தலை இல்லை. அந்த ஊரிலேயே நிலையாகத் தங்கிவிட்டவர்களாக இருக்க வேண்டும். போகிற எண்ணத்தோடு வந்து தங்கியவன் பக்கத்தில் நின்று தொழலாம், எண்ணிக்கையில் சேரமாட்டான். நான் முதல் முதலாகப் பள்ளிக்குப் போன அன்றே தோக் இமாம் என்னைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார். "ஓராங் சினி? இந்த ஊர் ஆளா நீ? இல்ல, இந்தியாவுக்கு பாலேக் போயிருவியா?" நம் ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். இங்கேதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மனதாரச் சொன்னவனும் உண்டு, அந்த நேரத்துக்குச் சொல்லிவைத்தவனும் உண்டு. எனக்கு வரவில்லை. ராமநாதபுரம் சீமையில் தம்பியோடு சேர்ந்து சுவர் எழுப்பிய வீடு அரைகுறையாக நின்றது. பள்ளிக்குள் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு நெஞ்சு துணியவில்லை. "திரும்பிப் போறவன்தான், தோக்" என்றேன்.

அன்றிலிருந்து போன வாரம்வரை முன்வரிசையில் உன் பக்கத்தில் நிற்கிற என்மேல் அவருடைய பார்வை வரும்போது விரல் நின்றுவிடும். மணி நகராது. பார்வை உன்மேல் போகும், மணி நகரும். நீ பெரியவனான வருடம் முதல் முறையாக உனக்காக மணி நகர்ந்ததை நான் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். இந்த மண்ணில் பிறந்தவன் நீ, உன்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வெட்கம். என் மகன் ஊர்க்காரன், நான் விருந்தாளி. ஜில்லா துரைக்கு முன்னால் தோக் இமாம் இருமியது என்னைப் பார்த்துத்தான். பெங்ஹுலு என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டார், இவருக்குச் சட்டம் இடித்தது.

உன் அக்காவை அடக்கிய அன்றைக்கு அவர் இன்னொரு தரம் கேட்டார். குழிக்குள் இறங்கி அவர்தான் பிள்ளையை வாங்கினார். கை மண்ணைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "பிள்ளைய இங்க வச்சிட்டு, இன்னும் வழிப்போக்கன்தானா நீ?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அம்மாவும் விட்டுவைக்கவில்லை. "கப்பல் டிக்கெட் எடுக்கிறேன், எடுக்கிறேன்னு சொல்லியே தாடி நரச்சுப் போச்சு. நீங்க வேணும்னா போங்க. நான் எம்புள்ளய விட்டுட்டு வரமாட்டேன்." வருடா வருடம் இதே சண்டை. உன் கல்யாணம் முடியட்டும், உனக்கு ஒரு வேலை அமையட்டும், பிறகு போகலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். இரண்டும் ஆகிவிட்டது. சிங்கப்பூர்க் கடிதம் வந்த அன்றைக்கு, உன்னை ரயில் ஏற்றிவிட்டு நான் கப்பல் ஏறுவது என்றுதான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த இடத்தைப் படிக்கும்போது அவள் பக்கத்தில் இருந்தால் சத்தம் போடாமல் படி.

புதன்கிழமை நீ ஜும்ஆ நின்றுவிடும் என்று சொன்னதும் நான் கத்தியது உன்மேல் உள்ள கோபத்தில் மட்டும் இல்லை. இருபத்தைந்து வயதுப் பிள்ளை, இந்த ஊர் வெள்ளிக்கிழமைக்காகத் தன் வாழ்க்கையை விட்டுக்கொடுக்கிறேன் என்கிறான். இத்தனை வருடம் இந்த ஊர்க் கஞ்சி குடித்தவன், குழந்தையை இந்த மண்ணில் வைத்தவன், பேசாமல் நின்றுகொண்டிருக்கிறான். அது என்னைச் சுட்டது. காத்தான் வேறு மறுநாள் காலையில் பெரட்டில் வந்து, "ஒரு ஆளுதானே பாய் கொறையுது? நான் வந்து கடைசி வரிசையில நிக்கிறேன்லா. குல்லா ஒண்ணு குடுங்க" என்றான். சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிரைக்குப் போனேன். மரத்துக்கு மரம் வெட்டிக்கொண்டு போகும்போது சீமையில் நிற்கிற அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். மகனே, அதன் வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்பது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. இந்தத் தோட்டத்தில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்.

நேற்று வெள்ளிக்கிழமை. நீ ஈப்போவில் துணிக்கடையில் நின்றிருப்பாய். நான் கொஞ்சம் முன்னாலேயே பள்ளிக்குப் போனேன். தோக் இமாம் தொட்டிப் பக்கத்தில் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது அவருக்கு, தூரத்தில் வருகிற ஆளைக் காலடியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். "மகன் வரலயா?" என்றார். "இல்லை" என்றேன். "அப்ப இன்னைக்கு லுஹர்தான்" என்று பெருமூச்சு விட்டார். நான் நகரவில்லை. "தோக், பழைய கேள்விய இன்னொரு தரம் கேளுங்க" என்றேன். தண்ணீர் சொட்டுகிற முகத்தோடு என்னையே பார்த்தார்.

"ஓராங் சினி?" என்றார்.

"ஆமா. இங்கதான். என் கபுரும் இங்கதான்" என்றேன்.

அவர் ஈரக் கையால் என் தோளை, காண்டாக் கட்டை காய்ப்பு ஏற்றிய அந்தத் தோளை, அழுத்திவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து தம்பிக்கு எழுதிவிட்டேன், அந்த வீட்டுக்குக் கூரை போட்டு அவன் மகளுக்குக் கொடுக்கச் சொல்லி. உன் அம்மாவிடம் இன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது சொல்லலாம் என்று இருக்கிறேன். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, 'இதச் சொல்ல இத்தன வருசமா?' என்று கேட்பாள். கேட்கட்டும். நீ நாளைக்கு வந்ததும் பெட்டியைக் கட்டு. உன் மனைவிக்கு ரயில் வண்டியில் ஜன்னல் ஓரத்தைக் கொடு. சிங்கப்பூரில் எந்தப் பள்ளியில் நின்றாலும், யாராவது கேட்டால் நெஞ்சில் இருப்பதைச் சொல்லு, அவசரப்பட்டுச் சொல்லாதே. லீவு கிடைக்கும்போது வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போ. கணக்குக்காக வர வேண்டாம்.

நேற்று நீ இங்கே இல்லை. தோக் இமாம் மிம்பர்ப் படியில் ஏறினார்.

உன் அத்தா